ரெண்டு ஹாரன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கேன்டீன் நடத்தும் மகளிர் குழுவின் வேன், வழக்கம்போல் அந்தப் பச்சைக் கதவு வீட்டின் முன் நின்றது. வேனை ஓட்டிவந்த சுகிர்தா ரெண்டு ஹாரன் அடித்தாள். யாரும் வரவில்லை.

“டெய்லி இங்க இன்னாத்துக்குக்கா நிக்கறோம்?” என்றாள் புதிதாகச் சேர்ந்த சிஃபா.

“சின்னப்பொண்ணு ஊடு. குழுவ ஆரம்பிச்சதே அவதான். இட்லி ஊத்திக்கினே பாடுவா பாரு, அடுப்பு அணைஞ்சதுகூடத் தெரியாம நிப்போம்.”

ஜன்னலோர சீட்டு காலியாக இருந்தது. சிஃபாவின் குரல் இறங்கியது. “எப்பக்கா தவறினாங்க?”

“வாயக் கழுவுடி! உள்ளதான் இருக்கா. துபாய்லேர்ந்து புருஷன் வந்தான், வேலைக்குப் போவக் கூடாதுன்னுட்டான்.”

“வராதவங்களுக்கு எதுக்குக்கா ஹாரன்?”

“அவளுக்கு இல்லடி, அவனுக்கு. அவமேல கைய வெக்கறதுக்கு முன்னாடி, ஒரு வேன் நெறைய பொம்பளைங்க வாசல்ல நிக்கறது அவன் காதுல உழணும்.”