கடைசியாக இறங்க வேண்டியவர்

அன்று பாறை விளிம்பில் வெயில் அடித்ததா, மேகம் மூடியிருந்ததா என்று டீச்சருக்கு இப்போது நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. வெயில் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தார். வியர்த்தது நினைவிருப்பதால் அப்படி நினைத்திருக்கலாம்.

கீழே அறுபது அடி.

வரைபடத்தில் அது இரண்டு சம உயரக் கோடுகளுக்கு நடுவே ஒரு மயிரிழை வெள்ளை. அப்போதே பதினெட்டு வருடமாகப் பூகோளம் எடுத்துவந்தவர் அவர். மலைகளையெல்லாம் வரைபடமாக ஆணியில் மாட்டித்தான் பார்த்திருந்தார்.

விளையாட்டு ஆசிரியருக்குக் கால் சுளுக்கிக்கொண்டதில் இந்த மலைப் பயணம் அவர் தலையில் வந்து விழுந்தது. விழுந்ததைப் பேசாமல் சுமந்திருக்கலாம். காலையில் பேருந்தில் எழுந்து நின்று, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரிடமும் வாய் கிழியப் பேசிவிட்டார்.

“பயமா இருக்குன்னு எவனும் எவளும் பின்வாங்கக் கூடாது. எல்லாரும் கயித்துல இறங்கித்தான் ஆகணும்.”

ஒவ்வொருவராகக் கயிற்றில் இறங்கிப்போய்க் கீழே நின்று மேலே பார்த்தார்கள். அட்லஸ் மிஸ் என்று அவர்கள் கூப்பிடும் டீச்சர் எப்படி இறங்குவார் என்று பார்க்கத்தான்.

கயிற்றைப் பிடித்து இறக்கிவிட்ட பயிற்றுநர் அதிகம் பேசாத மனிதர். இரண்டே விதிகள் சொல்லியிருந்தார். பிள்ளைகள் முதலில், டீச்சர் கடைசியில். யாருக்காவது முடியாவிட்டால் பாறையைச் சுற்றி ஒற்றையடிப் பாதை இருக்கிறது, அரைமணி நேர நடை. ஆனால் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது, டீச்சரும் கூடவே நடக்க வேண்டும்.

டீச்சர் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே குறியிட்ட பெயர்களுக்கே மறுபடி குறியிட்டுக்கொண்டிருந்தார். விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நின்றவர், அதற்கு மேல் ஓர் அடி முன்னே வைக்கவில்லை. நாளை எந்த முகத்தோடு வகுப்புக்குள் நுழைவது என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

கடைசியில் ஒருத்தி மிஞ்சினாள்.

சுண்டெலி என்று கூப்பிடுவார்கள். அவ்வளவு சின்ன உருவம். அந்த வருடம்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். வரிசையில் முதலில் நின்றவள், ஒவ்வொருவருக்காக வழிவிட்டு வழிவிட்டுப் பின்னால் வந்திருந்தாள். டீச்சர் அதைக் கவனித்திருந்தார். நம்மைப் போல ஒன்று.

“அடுத்து,” என்றார் பயிற்றுநர்.

அவள் விளிம்புவரை போனாள். கீழே பார்த்தாள். திரும்பி டீச்சரைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

“மிஸ், என்னால முடியாது. பயமா இருக்கு. நீங்களும் கூட நடந்து வர்றீங்களா?”

கீழே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“ஏய் சுண்டெலி, லிஃப்ட் அனுப்பவாடி?” கீழேயிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு பாறையில் மோதி மேலே ஏறி வந்தது.

“சரி சரி, அழாதே. நான் இருக்கேன்ல,” என்றார் டீச்சர்.

அவள் அழவில்லை. இடுப்பில் இருந்த முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டிக் கொடுத்தாள். பயிற்றுநர் அவள் விரல்களையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

ஒற்றையடிப் பாதையில் இருவரும் இறங்கினார்கள். பாதை குறுகிய இடங்களில் பள்ளத்தின் பக்கம் அவள் நடந்தாள்.

டீச்சர் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியைத் தன் வகுப்பில் கொண்டுவந்து போட்ட கடவுளுக்கு.

பள்ளிக்குக் கொடுத்த அறிக்கையில், ஒரு மாணவி மிகவும் பயந்துவிட்டதால் தானும் உடன் நடக்க நேர்ந்தது என்று எழுதினார்.

பள்ளி முடியும்வரை, படியேறும்போதெல்லாம் யாராவது ஒருவன் அவளிடம் லிஃப்ட் வேண்டுமா என்று கேட்பான். அவளும் சிரித்துவைப்பாள். வகுப்புக்குள் இருக்கும் டீச்சர் காதில் விழுந்தால், கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையாவது எழுதத் தொடங்குவார்.

இருபது வருடமாகிவிட்டது.

எல்லோரும் நன்றாகவே இருக்கிறார்கள். பயிற்றுநர் மலைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு மகள் வீட்டோடு இருக்கிறார். கீழேயிருந்து கத்தியவன் பல் மருத்துவன். குரல் மட்டும் குறையவில்லை என்கிறார்கள். டீச்சர் ஓய்வுபெற்றுவிட்டார். குடியிருப்பது தரைத்தளத்தில்.

சுண்டெலி, கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளின் இறக்கைகளைக் கயிற்றில் தொங்கியபடி பழுதுபார்க்கிறாள். போன வாரம் ஒரு பத்திரிகையில் அவள் பேட்டி வந்தது. எப்போது ஏறத் தொடங்கினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு வயதில், அண்ணனோடு, பாறைகளில் என்று சொல்லியிருந்தாள்.

பயணம் போனபோது அவளுக்குப் பதினாறு.

டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு அந்த வகுப்பின் வாட்ஸப் குழுவைத் திறந்து, அன்று பாறையில் பயந்தது அவள் இல்லை, நான், என்று தட்டினார். அதன் கீழே நன்றி என்று ஒரு சொல். அனுப்பினார்.

முப்பத்திரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள்.

கடைசியில் சுண்டெலிதான் எழுதினாள். “நல்ல நடை மிஸ் அது.”