சைலன்சர் வேண்டாம்

சைக்கிளில் என்ஜின் வைத்துக்கொள்ள, அமெரிக்காவின் ஒஹையோவில் லைலின் கொட்டகைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் குடித்துவிட்டுக் கார் ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தவர்கள். இன்று வந்த வாரனையும் லைல் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார்.

வாரன் தன் சைக்கிளுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அதைப் பின்னுக்கு நகர்த்தினான்.

"என்ன தம்பி, எதையாவது தொலைச்சிட்டியா?"

வாரன் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினான்.

லைல் குட்டி டூ-ஸ்ட்ரோக் என்ஜினைப் பொருத்தினார். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, கார்புரேட்டரைத் திருகித் திருகி ஒரு வழிக்குக் கொண்டுவந்தார். படபடப்பு அடங்கி என்ஜின் சீராக ஓடியது.

"எப்படி? பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடக் கேக்காது!"

"சைலன்சரைக் கழட்டிடுங்க."

"பைத்தியமா உனக்கு? தெருவே திரும்பிப் பார்க்கும்."

"பார்க்கட்டும்."

"போலீஸ் பிடிக்கும்யா. ஏற்கெனவே குடிச்சு லைசென்ஸ் போனவன் நீ..."

"நான் குடிக்கிறதில்ல. லைசென்ஸ் பையிலதான் இருக்கு. காரும் வீட்டு வாசல்லதான் நிக்குது." வாரன் பஸ் நேரம் சொல்கிறவனைப் போலச் சொன்னான். "பேட்டரி கார். சத்தமே வராது. போன மே மாசம் பின்பக்கமா எடுத்தேன். என் பொண்ணு காருக்குப் பின்னால தரையில உக்காந்து சாக்பீஸால படம் போட்டுக்கிட்டிருந்தா. அவளுக்குக் கேக்கல."

லைல் ஸ்பானரை எடுத்தார். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓடவிட்டதும் என்ஜின் காது கிழிய அலறியது.

வாரன் சைக்கிளுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தான்.

இந்த முறை லைல் எதுவும் கேட்கவில்லை.