கறி மணக்காத கேக்
நத்தார் காலை, கிறிஸ்து பிறந்த நாள். மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் பாரிஸ் லாச்சப்பல் வீட்டுச் சமையலறைக் கண்ணாடி அதிர்கிறது. கோப்பியோடு சாப்பிடும் புளூபெரி கேக்கைத் தவமலர் ஓவனிலிருந்து எடுக்கிறாள். பழங்கள் வெடித்து, மேலே தூவிய சீனிமாவில் ஊதாக் கறையாய் ஊறியிருக்கின்றன. அதில் கறி மணம் ஏறிவிடக் கூடாதென்று இரண்டு நாளாக இந்த வீட்டில் தாளிதமே இல்லை. மகள் அபிரா குனிந்து மோந்து பார்க்கிறாள். "நல்லம், கறி மணக்கேல்லை." அவளுடைய காதலனின் பெற்றோர் இன்றைய விருந்துக்குத் தாய், மகள் இருவரையும்தான் அழைத்திருக்கிறார்கள். "நான் சீலை மாத்தட்டோ, பிள்ளை?" "அங்கை முழுக்கப் பிரெஞ்சுதான் கதைப்பினம். உங்களுக்கு விளங்காதம்மா." அபிராவின் கைபேசி அடிக்கிறது; காதலனின் தாய். "அம்மாவுக்கு ஒரே இருமல், வர முடியவில்லை" என்று அபிரா பிரெஞ்சில் வருத்தப்படுகிறாள். கேக்கைத் துணியால் மூடிக்கொண்டிருக்கும் தவமலர், மறுமுனைக்குக் கேட்கும்படி ஒருமுறை இருமுகிறாள்.