நான்காவது கட்டம்

அப்பா எடுத்த நானூறு வீடியோக்களையும் கோமதி கணினியில் பட்டியலிட்டுக்கொண்டிருந்தாள். தேதி, விசேஷம், இருப்பவர்கள், எடுத்தவர் என நான்கு கட்டங்கள். உயிரோடிருந்தவரை அப்பா கேமராவை யாரையும் தொடவிட்டதில்லை. அதனால் நான்காவது கட்டம் முழுக்க ‘அப்பா’ என்று முதலிலேயே நிரப்பிவிட்டாள். கடைசி வீடியோவுக்கு மட்டும் அதைத் திருத்த வேண்டியிருந்தது. அது அப்பாவின் சாவு வீடு. தம்பிக்குப் போன் போட்டாள்.

“அன்னிக்கு கேமராவ யாருடா வச்சிருந்தா?”

“யாரும் எடுக்கலையேக்கா. பீரோவுலதானே பூட்டிக் கெடந்துச்சு.”

வீடியோவை ஓடவிட்டாள். ஐஸ் பெட்டிக்குள் அப்பா; சுற்றிலும் ஒப்பாரி. கேமராவுக்குப் பின்னாலிருந்து பழகிய செருமல் ஒன்று கேட்டது. “கோமு, இங்க பாரும்மா.” திரையில் தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருந்த கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, எப்போதும் அவருக்காகச் சிரிப்பதைப் போலவே சிரித்தாள்.