அதிர்ச்சி ஒத்திகை

"ஐயோ, ராணி போயிட்டாளா!"

நெஞ்சில் கைவைத்து அலறினாள் அவள். குரல் நன்றாகவே உடைந்தது. கண்ணில்தான் ஒரு சொட்டு நீர் வரவில்லை.

"யாரும்மா போனது?" கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, இமைகளை மூடியபடி வெளியே உட்கார்ந்திருந்தவர் பதறி எழுந்தார்.

"டிவிலதான் சார். நீங்க கண்ணைத் திறக்காதீங்க." அவரை உட்கார வைத்துவிட்டு, கண் சோதிக்கும் இருட்டறைக்குள் வந்தாள் வரவேற்பில் இருக்கும் பெண். "அக்கா, எடுத்த எடுப்புல அலறாதீங்க. முதல்ல வாயைப் பொத்துங்க. அப்புறமா அழுங்க."

கண்களைச் சோதித்துப் பவர் எழுதித் தருவது அவள் வேலை. அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், அதே இருட்டறையில், இந்தப் பெண்ணின் ஃபோனில் அவள் செய்த காரியத்தை வீட்டில் சொல்ல முடியாது. டிராகன் தொடரின் புது சீசன், முதல் எபிசோட். ஒரு நிமிஷம் மட்டும் பார்ப்போம் என்று ஆரம்பித்து, கடைசியில் பெயர்கள் ஓடும்வரை பார்த்துத் தீர்த்துவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தொடரை அவளும் கணவனும் சேர்ந்துதான் பார்ப்பார்கள். போன சீசனில் அவன் ஒரே ஒரு எபிசோடைத் தனியாகப் பார்த்துவிட்டதற்காக, ஒரு வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசாதவள் அவள். "இது துரோகம்!" என்று அழுது, இனிமேல் தனியாகப் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கியவளும் அவளேதான். அந்த உத்தமிதான் இப்போது அதிர்ச்சி அடையப் பழகிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கணவன் குளித்து, தலைவாரி, இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"ஆபீஸ்ல எல்லாரும் கதையைத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க. நாள் பூரா காதுல பஞ்சு வச்சுக்கிட்டே வேலை பாத்தேன்," என்றான் பெருமையாக.

மூலையில் மாமனார் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். "ஆரம்பிச்சாச்சா, பறக்கிற பல்லிப் படம்?" வழக்கமாக இதைச் சொன்ன கையோடு மாடிக்குப் போய்விடுவார். இன்று அசையவில்லை.

"மாமா, அது தூரத்துக்குக் குடுத்த கண்ணாடி. அதைப் போட்டுக்கிட்டா பேப்பர் படிக்கிறீங்க?"

"எதுவா இருந்தா என்னம்மா, எழுத்து தெரியுது." செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

வேறு நாளாக இருந்தால் விட்டிருக்கமாட்டாள். இன்று அவளுக்குத் தன் முகத்தைப் பற்றிய கவலையே பெரிதாக இருந்தது. முதலில் வாயைப் பொத்த வேண்டும். அப்புறம் அழ வேண்டும்.

கணவன் ரிமோட்டை அமுக்கினான். திரையில் எடுத்த எடுப்பிலேயே ராணியின் சிதை எரிந்தது. அவள் வாயைப் பொத்தினாள், ஒத்திகையைவிட அழகாகவே.

கணவன் அவளைப் பார்க்கவில்லை. ரிமோட்டைப் பார்த்தான். "நடுவுலேர்ந்து ஓடுதே? யாரோ பாதி பாத்திருக்காங்க." பிறகு மெல்ல அவள் பக்கம் திரும்பினான்.

கேள்வி வருவதற்குள் அவள் உடைந்துபோனாள். வராமல் அடம்பிடித்த கண்ணீர் இப்போது ஒத்திகையே இல்லாமல் கொட்டியது.

"நான்தாங்க! மன்னிச்சிடுங்க. மதியம் கிளினிக்ல, அந்தப் பொண்ணு ஃபோன்ல... ஆசையை அடக்க முடியலைங்க. முழுசாப் பாத்துட்டேன்!"

"முழுசாவா?" அவன் முகம் வாடிவிட்டது. "நான் காதுல பஞ்சை வச்சுக்கிட்டு..." சட்டென்று நிறுத்தினான். "இரு, இரு. நீ அவ ஃபோன்ல முழுசாப் பாத்தேன்னா, நம்ம டிவில பாதியில நிறுத்தினது யாரு?"

மூலையில் செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது.

"மத்தியானம் கரன்ட் போயிடுச்சும்மா. நீதான் முழுசாப் பாத்துட்டியே, அந்தக் குட்டிப் பல்லி பொழைச்சுதா?"