தெரியாத ஒருவர் தேவை

பயிற்றுநர் வேலைக்கான நேர்காணலில், காதுக்கருவி போடாத ஒருவரை உட்காரவைத்து மேகலா பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எதைக் கேட்டாலும் காதோடு பதில் சொல்லிவிடும் அந்தக் கருவியைக் கழற்ற அக்கம்பக்கத்தில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் மேகலாவின் கணவர் சுதாகரன்தான் ஒத்திகைக்கு ஒப்புக்கொண்டார். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

எந்த வகுப்பையும் மேகலா அறிமுகத்தோடுதான் தொடங்குவாள்.

"பக்கத்துல இருக்கறவங்களப் பத்தி மூணு விஷயம் சொல்லுங்க."

"பக்கத்துல நீதானே இருக்கே?"

"அப்ப என்னப் பத்தியே சொல்லுங்க."

"பேரு மேகலா." அவர் கை வெறுங்காதைத் தடவியது. "பொறந்தநாளு... இரு, மாட்டிக்கிட்டுச் சொல்றேன்."

"வேண்டாங்க," என்றாள் மேகலா. பாடத்திட்டத்தை இழுத்து, 'மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்தவை' என்ற கட்டத்தில், 'பெயர் மட்டும்' என்று எழுதினாள்.