கூப்பிட்ட குரலுக்கு

ஜமீன் பங்களாவின் தொங்கும் கண்ணாடி விளக்குகளை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது விசாலத்தின் கணவர் காணாமல் போனார். பின்பக்கத் தோட்டத்தில் ஆளுயரச் செடிகளைச் சுவர் போல வெட்டி, நுழைந்தவர் சுற்றிச் சுற்றி வரும்படி பாதை விட்டிருந்தார்கள். அவர் அதற்குள் போனதை யாரோ பார்த்திருந்தார்கள். மகன் கதிரேசன் "அப்பா, அப்பா" என்று தொண்டை வற்றக் கத்தினான். டிக்கெட் கொடுக்குமிடத்தில் சொல்லி மைக்கிலும் கூப்பிட வைத்தான். "நாச்சியப்பன், எங்கிருந்தாலும் வாசலுக்கு வரவும்." அவருக்கு மகனும் மறந்து, தன் பெயரும் மறந்து ஒரு வருஷமாகிறது. காலையில் வேனில் ஏறும்போதுகூட விசாலத்திடம், "நீங்க யாரு வீட்டம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க கூப்பிடுங்க அத்தை. இப்பவாச்சும் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க," என்றாள் மருமகள்.

கல்யாணமான நாளிலிருந்து விசாலத்தின் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. இப்போதும் வரவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுகிற அதே குரலில், செடிகளைப் பார்த்து, "என்னங்க!" என்றாள்.

தோட்டத்திலிருந்த ஆண்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் "இதோ வர்றேன்" என்றே சொல்லிவிட்டார். அவர் மனைவி சிரித்தாள்.

பிறகு செடிகளுக்குள்ளிருந்து ஒரு குரல் சலித்துக்கொண்டது.

"இங்கதானே இருக்கேன். எதுக்குடி இப்படிக் கத்துறே?"

விசாலம் பச்சைச் செடியைப் பார்த்துக் கை கூப்பினாள். கதிரேசன் குரல் வந்த பக்கம் ஓடினான். அவர் இருக்குமிடம் தெரிந்த பிறகும், அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள்.